மணமிலைகளோடு சர்க்கரைவள்ளி வறுவல்

நோயாளிக்குரிய உணவு என்றதும் வெளுத்த கஞ்சியும் உப்புக் குறைந்த இட்லியுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. மருத்துவர் எழுதிக்கொடுத்த உணவுத்தாளை இரண்டு நாள் ஒழுங்காகப் பின்பற்றுவார்கள். மூன்றாம் நாள் தட்டு பாதியோடு திரும்பி வரும். இதனை வெறும் நாக்கின் அடம் என்று தள்ளிவிட முடியாது. இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர் உண்ணாமல் இருந்துவிட்டால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். அறுவை சிகிச்சை முடிந்தவர் உண்ணாவிட்டால் காயம் ஆறுவது தாமதமாகும். முதியவருக்கோ சில வாரங்களிலேயே தசை கரைந்து எழுந்து நடக்கும் வலுக் குன்றிவிடும். எனவே உணவு தட்டில் இருப்பது போதாது. அது உள்ளே செல்லவும் வேண்டும்.

கல்மண்டபத்தைச் சுற்றியுள்ள குடும்பங்களுக்கு இது இன்னும் கடினம். காசிமேட்டுத் துறைமுகத்தை அடுத்து வாழ்பவர்களின் நாக்கு கருவாட்டுக் குழம்பிலும் நெத்திலி வறுவலிலும் ஊறுகாயிலும் பழகியது. அவர்களிடம் ‘உப்பைக் குறையுங்கள்’ என்று சொல்லுவது எளிது. உப்பு இருந்த இடத்தில் எதை வைப்பது என்று சொல்லாமல் விட்டால் அந்த அறிவுரை வீட்டு வாசலைத் தாண்டாது. இந்த இதழில் அதற்கு ஒரு வழியாக, மணமுள்ள இலைகள் சேர்த்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு வறுவலைச் செய்யக் கற்போம். அடுப்பும் தோசைக்கல்லும் இட்லிப் பானையும் உள்ள எந்த வீட்டிலும் அரைமணி நேரத்தில் செய்துவிடலாம்.

பெயரிலுள்ள சர்க்கரை

‘பெயரிலேயே சர்க்கரை இருக்கிறதே, நீரிழிவுக்காரர் தொடலாமா?’ என்பதுதான் முதலில் எழும் ஐயம். இதற்கு ஒரு சொல்லில் விடை தர இயலாது. சற்று விரிவாகவே பார்ப்போம்.

சர்க்கரைவள்ளி அமெரிக்க வெப்ப மண்டலத்தில் தோன்றிய கொடி. போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. உருளைக்கிழங்குக்கும் இதற்கும் உறவு இல்லை. நம் ஊர்க் குளக்கரைகளில் படரும் வள்ளைக்கீரைதான் இதற்கு நெருங்கிய உறவு. ஈழத்தில் இதனை வத்தாளங்கிழங்கு என்பர். வேகாத கிழங்கில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 கிராம் மாவுப்பொருளும் 3 கிராம் நார்ச்சத்தும் உண்டு. அந்த மாவுப்பொருளிற் பெரும்பங்கு இனிப்பில்லாத மாவுச்சத்தே. பிறகு இனிப்பு எங்கிருந்து வருகிறது? சமைக்கும்போதே அது உண்டாகிறது. கிழங்கினுள் இருக்கும் ஒரு நொதி, மிதமான சூடு ஏறியதும் மாவுச்சத்தை வெட்டி மால்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றுகிறது. சூடு மிகும்போது அந்த நொதி செயலிழந்துவிடும். ஆகவே கிழங்கு எவ்வளவு நேரம் அந்த இடைப்பட்ட சூட்டில் தங்குகிறதோ அவ்வளவுக்கு இனிப்புக் கூடும். முழுக் கிழங்கைச் சாம்பலுக்குள் புதைத்து மெல்லச் சுட்டால் அது தேனாக இனிப்பது இதனால்தான்.

இந்த வேறுபாடு நாவோடு நிற்பதில்லை. ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு விரைவாக உயர்த்துகிறது என்பதைக் காட்டக் கிளைசெமிக் குறியீடு என்ற அளவு உண்டு. குளுக்கோஸுக்கு 100 என வைத்துக்கொண்டு, 55-க்குள் இருந்தால் குறைவு, 70-க்கு மேற்பட்டால் மிகுதி என்பர். ஜமைக்காவில் உண்ணப்படும் பத்து வகைச் சர்க்கரைவள்ளிகளைக் கொண்டு நிகழ்ந்து 2011-இல் வெளிவந்த ஆய்வில், நீரில் வேகவைத்த கிழங்கின் குறியீடு 41 முதல் 50 வரை இருந்தது. அதே கிழங்குகளைச் சுட்டபோது 79 முதல் 93 வரை ஏறியது. கிழங்கு ஒன்றே; அடுப்பு செய்த வேலைதான் வேறு.

அப்படியானால் வறுவலை ஏன் கற்றுத்தருகிறோம் என்று கேட்கலாம். முறையான கேள்விதான். வெறுமனே அவித்த கிழங்கை உப்பில்லாமல் நீட்டினால், பசி மந்தித்த நோயாளி ஒரு துண்டோடு நிறுத்திவிடுகிறார். வறுத்ததன் மணமும் முறுகலும் வேண்டும். அவித்ததன் நன்மையும் கைவிட்டுப் போகக்கூடாது. ஆகவே நாம் சொல்லும் முறையில், சிறு துண்டுகளாக நறுக்கி முதலில் ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டு, பின்னர் தோசைக்கல்லில் சில நிமிடம் மட்டும் வறுத்தெடுக்கிறோம். சிறு துண்டுகளில் ஆவியின் சூடு விரைந்து ஏறிவிடுவதால் நொதிக்கு வேலை செய்ய நேரம் குறைவு. ஆறவிடும்போது மாவுச்சத்தின் ஒரு சிறு பங்கு எளிதில் செரிக்காத வடிவத்துக்குத் திரும்புகிறது. இதனால் கிழங்கு மருந்தாகிவிடாது. ஆயினும் முழுக் கிழங்கைச் சுட்டு உண்பதைவிட இது நல்ல வழி.

அளவு அதைவிடவும் முதன்மையானது. நீரிழிவுள்ளவர் ஒரு வேளைக்கு முக்கால் முதல் ஒரு கைப்பிடி, அதாவது 75 முதல் 100 கிராம் வரை கொள்ளலாம். ஆனால் அது சோற்றுக்கு மேலாக வரக்கூடாது; சோற்றுக்குப் பதிலாக வரவேண்டும். ஒரு கிண்ணம், ஏறத்தாழ 150 கிராம், சோற்றில் 40 கிராமுக்குச் சற்று மிகுதியான மாவுப்பொருள் உண்டு. 100 கிராம் கிழங்கு தட்டில் ஏறினால் அரைக் கிண்ணம் சோறு தட்டிலிருந்து இறங்க வேண்டும். ‘கிழங்கு காய்தானே’ என்று எண்ணிச் சோற்றையும் முழுதாக உண்டுவிட்டுக் கிழங்கின் மீது பழி போடுவது நம்மிடையே பரவலான வழக்கம்.

யார் தவிர்க்க வேண்டும்

சிறுநீரக நோயுடையோர், குறிப்பாக டயாலிசிஸ் செய்துகொள்வோர், இந்தப் பகுதியை முதலில் படிக்கவேண்டும். 100 கிராம் சர்க்கரைவள்ளியில் 300 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் உண்டு. வாழைப்பழத்துக்கு ஏறத்தாழ நிகர். சிறுநீரகம் வெளியேற்ற முடியாத பொட்டாசியம் இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடம் புரளக்கூடும். ஆவியில் வேகவைப்பதாலோ வறுப்பதாலோ பொட்டாசியம் வெளியேறாது. மெல்லிய துண்டுகளாக்கி நிறைய நீரில் கொதிக்கவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டால் ஒரு பகுதி குறையும்; அதையும் உங்கள் மருத்துவர் அல்லது உணவியல் வல்லுநர் அனுமதித்த அளவில்தான் உண்ணவேண்டும்.

இதே வேளையில் இன்னோர் எச்சரிக்கையும் தேவை. ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடைகளில் விற்பவற்றில் சோடியத்தின் இடத்தைப் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு நிரப்புகிறது. சிறுநீரக நோயுடையோரும், இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ சில வகை மாத்திரைகள் எடுப்போரும் அதனைத் தாமாக வாங்கிப் பயன்படுத்தக்கூடாது. கால்சியம் ஆக்ஸலேட் கல் அடிக்கடி தோன்றுவோரும் இந்தக் கிழங்கை எப்போதாவது, சிறிதளவே உண்பது நல்லது.

கிழங்கைத் தேர்தல்

தை மாதத்தில் கல்மண்டபம் சாலைக் காய்கறிக் கடைகளிலும் தள்ளுவண்டிகளிலும் பொங்கற் படையலுக்கென மண் ஒட்டிய கிழங்குகள் குவிந்திருக்கும். அப்போது விலையும் குறைவு, சுவையும் மிகுதி. மற்ற மாதங்களிலும் கிடைக்காமற் போவதில்லை. நடுத்தரப் பருமனுடையதாய், கையில் எடுத்தால் கனமாய், தோலில் துளையும் கருமையும் இல்லாததாய்ப் பார்த்து வாங்குங்கள். மிகப் பெரிய கிழங்குகளில் நார் அதிகம். பல் இல்லாதவருக்கு அவை உதவா.

கிழங்கை அறுத்தபின் உள்ளே கருந்தடங்கள் ஓடியிருந்தால் அது கூன்வண்டு துளைத்த கிழங்கு. பாதிக்கப்பட்ட இடத்தை மட்டும் செதுக்கி எறிந்துவிட்டு எஞ்சியதைச் சமைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. அது தவறு. வண்டோ பூஞ்சையோ தாக்கும்போது கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ள உண்டாக்கும் கசப்புப் பொருள்கள் நச்சுத் தன்மை உடையவை. வேகவைத்தாலும் முற்றிலும் அழிவதில்லை. கசக்கும் கிழங்கை முழுதுமாக எறிந்துவிடுங்கள். நல்ல கிழங்கைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். குளிரில் நடுப்பகுதி கட்டிப்பட்டு, வேகாமல் நிற்கும். காற்றோட்டமான கூடையே போதும்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். நம் கடைகளில் மிகுதியும் கிடைப்பது இளஞ்சிவப்புத் தோலும் வெண்ணிறச் சதையும் உடையது. செம்மஞ்சள் சதையுடைய வகை கிடைத்தால் விடாதீர்கள். அந்த நிறம் பீட்டா கரோட்டின் தருவது. நம் உடல் அதனை வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்கிறது. வெண்சதைக் கிழங்கில் அது மிகக் குறைவு. திருவனந்தபுரத்தில் 1963-இல் தொடங்கப்பெற்ற மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ‘பூ சோனா’ என்னும் வகையில் 100 கிராமுக்கு 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் உண்டு. அதே நிறுவனத்தின் ‘பூ கிருஷ்ணா’ ஊதாச் சதையுடையது. ஆப்பிரிக்க நாடுகளில் குழந்தைகளின் வைட்டமின் ஏ குறைபாட்டைப் போக்கச் செம்மஞ்சள் சர்க்கரைவள்ளியைப் பரப்பிய அறிவியலாளர்களுக்கு 2016-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

உப்பின் இடத்தில் இலைகள்

மேலைநாட்டுச் சமையல் நூல்களில் வறுத்த சர்க்கரைவள்ளிக்கு ரோஸ்மேரி, தைம், ஆரிகானோ என்ற இலைகளைச் சொல்வார்கள். ரோஸ்மேரியும் தைமும் நம் நீலகிரியிலேயே விளைகின்றன. ஆனால் அவற்றைத் தேடி அலையத் தேவையில்லை. தைமுக்கும் ஆரிகானோவுக்கும் மணம் தருபவை தைமால், கார்வக்ரால் என்ற இரு பொருள்கள். சளிக்கும் இருமலுக்கும் என்று நம் வீட்டு மாடித் தொட்டிகளில் வளர்க்கும் கற்பூரவள்ளியிலும் அவையே உள்ளன. நான்கைந்து கற்பூரவள்ளி இலைகளைப் பொடியாக நறுக்கிச் சூடான கிழங்கின் மீது தூவிப் பாருங்கள். மருந்து நெடி மறைந்து, நல்ல உணவு மணமாக எழும். இலை தடித்தது, மணம் வலியது. ஆதலால் கை தாராளமாக வேண்டாம். திருநீற்றுப்பச்சிலை கிடைத்தால் அதுவும் சிறப்பு. சப்ஜா விதை தரும் செடி அதுதான். இவை இரண்டும் இல்லாதபோது கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் புதினாவும் போதும். எந்தக் கடையிலும் கிடைக்கும்.

எந்த இலையை எப்போது சேர்ப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கறிவேப்பிலையும் ரோஸ்மேரியும் சூட்டைத் தாங்கும், எண்ணெயிலேயே போடலாம். கற்பூரவள்ளியை இறக்குவதற்கு ஒரு நிமிடம் முன்பு சேர்க்கவேண்டும். புதினா, கொத்தமல்லி, திருநீற்றுப்பச்சிலை ஆகியவற்றின் மணம் சூட்டில் பறந்துவிடும்; அடுப்பை அணைத்த பின்னரே தூவவேண்டும். இரத்தம் உறையாமைக்கான வார்ஃபரின் மாத்திரை உண்போர் கீரைகளையும் இலைகளையும் ஒரு நாள் மிகுதியாகவும் மறுநாள் இல்லாமலும் உண்ணாமல், நாள்தோறும் ஒரே அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சையில் வெள்ளணுக்கள் குறைந்திருப்போர் பச்சை இலைகளைத் தூவாமல், அடுப்பிலேயே சேர்த்து நன்கு வதக்கி உண்பது பாதுகாப்பு.

செய்முறை

நால்வருக்கு 400 கிராம் கிழங்கு போதும். ஓடும் நீரில் தேய்த்துக் கழுவி, ஈரம் துடைத்து, தோலோடு சுண்டுவிரல் நுனியளவுச் சதுரங்களாக நறுக்குங்கள். தோலில் நார்ச்சத்து உண்டு. மெல்ல இயலாதவருக்கு மட்டும் சீவிவிடலாம். எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்கவேண்டும். இல்லையேல் சிறியது கருகப் பெரியது வேகாமல் நிற்கும்.

இட்லிப் பானையில் நீர் நன்றாகக் கொதித்த பின்பு தட்டில் துண்டுகளைப் பரப்பி மூடி, ஏழெட்டு நிமிடம் ஆவியில் விடுங்கள். கத்தி நுனி சற்றே தடையுடன் இறங்கும் பதத்தில் எடுத்துவிட வேண்டும். குழைந்துவிட்டால் வறுவல் கிடையாது, மசியல்தான். அகலமான தட்டில் கொட்டிப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். ஈரப்பசை உலர்ந்தால்தான் பின்னர் பொன்னிறம் ஏறும்.

இரும்புத் தோசைக்கல்லைக் காயவைத்து இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் விடுங்கள். எண்ணெயே இல்லாமல் செய்ய வேண்டாம். பீட்டா கரோட்டினை உடல் ஏற்றுக்கொள்ளச் சிறிது கொழுப்புத் தேவை. கால் தேக்கரண்டி சீரகம், ஒரு கொத்துக் கறிவேப்பிலை, நசுக்கிய பூண்டு மூன்று பல் இட்டு, மணம் வந்ததும் கிழங்குத் துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் அவை வறுபடாமல் புழுங்கும். நடுத்தர நெருப்பில் மூன்று நிமிடம் தொடாமல் விட்டு, பிறகு புரட்டி மேலும் மூன்று நிமிடம் வையுங்கள். அடிக்கடி கிளறுவோருக்கு முறுகல் வாய்க்காது. பொன்னிறம் வந்ததும் நிறுத்துங்கள். கரும்பழுப்பாகும் வரை விட்டால் கசப்பு ஏறுவதோடு, அக்ரிலமைடு என்னும் விரும்பத்தகாத பொருளும் கூடுகிறது.

கற்பூரவள்ளியையும் அரைத் தேக்கரண்டி மிளகுத்தூளையும் சேர்த்து ஒரு புரட்டுப் புரட்டி இறக்குங்கள். உப்பு கடைசியில்தான்: நால்வருக்கும் சேர்த்துக் கால் தேக்கரண்டி. வேகும்போது சேர்க்கும் உப்புக் கிழங்கினுள் மறைந்துவிடும். மேலே தூவிய உப்போ நாவில் நேரே படும். அதனால் குறைந்த உப்பே நிறைந்ததுபோல் தெரிகிறது. பிறகு அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். புளிப்பு உப்பின் குறையை நிரப்பும். ஒரு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு; அது ஒரு தேக்கரண்டிதான். இந்த வறுவலில் ஒருவர் பங்குக்கு வருவது அதில் பதினாறில் ஒரு பகுதி. ஆனால் பக்கத்திலேயே அப்பளமும் கருவாடும் இருந்தால் இந்தக் கணக்கால் ஒரு பயனும் இல்லை.

தட்டில் வைத்தல்

பசி இல்லாதவருக்குப் பெரிய தட்டு நிறைய உணவைக் காட்டினாலே வயிறு அடைத்துவிடும். சிறு தட்டையே எடுங்கள். வெண்சதைக் கிழங்கானால் நறுக்கிய கொத்தமல்லியும் ஒரு மேசைக்கரண்டி மாதுளை முத்துகளும் மேலே தூவினால் நிறம் எழும். செம்மஞ்சள் கிழங்கானால் பச்சை இலை மட்டும் போதும். அதன் நிறமே அழகு. வாழையிலைத் துண்டொன்றைத் தட்டில் விரித்துப் பரிமாறுவது செலவில்லாத வழி. கிழங்கு மட்டுமே உணவாகிவிடாது. எண்ணெய் குறைத்துச் சுட்ட சங்கரா மீனோ, கொண்டைக்கடலைச் சுண்டலோ, ஒரு கிண்ணம் தயிரோ பக்கத்தில் இருந்தால் புரதம் சேரும். இரத்தச் சர்க்கரையும் மெதுவாக ஏறும்.

வாய்ப்புண் உள்ளவருக்கு எலுமிச்சை, மிளகு, பூண்டு மூன்றையும் விட்டுவிட்டு, வெந்த கிழங்கைத் தயிரோடு மசித்துக் கொடுங்கள். பக்கவாதத்துக்குப் பின் விழுங்குவதில் தடுமாற்றம் உடையவருக்கு முறுகலான துண்டுகளைத் தரவே கூடாது. விழுங்கும் திறனைச் சோதித்தவர் சொன்ன பதத்தில் நாரின்றி மசித்தே தரவேண்டும். உலோகச் சுவை தெரிகிறது என்று வருந்தும் புற்றுநோயாளிகளுக்கு எலுமிச்சையைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள். சூடாகத் தராமல் ஆறவைத்துத் தந்தால் இன்னும் எளிதாக ஏற்பார்கள்.

வீட்டில் செய்து மருத்துவமனைக்குக் கொண்டுவருவோர் முதலில் வார்டுச் செவிலியரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். சூட்டோடு டிபன் கேரியரில் அடைத்தால் ஆவி நீராகிச் சொட்டி வறுவல் நனைந்துவிடும். சற்று ஆறிய பின் அடைத்து, இலைகளையும் எலுமிச்சையையும் தனியே எடுத்து வந்து, கொடுக்கும்போது சேருங்கள். நம் சென்னை வெப்பத்தில் சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்திருந்து நோயாளிக்குத் தர வேண்டாம்.

நீரிழிவுள்ளவர் இந்த வறுவலை முதன்முறை உண்ணும் நாளில், உண்ணுமுன் ஒருமுறையும் உண்ணத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறையும் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். இரண்டு எண்களையும், உண்ட கிழங்கின் அளவையும், அன்று குறைத்த சோற்றின் அளவையும் ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை வரும்போது எங்கள் உணவியல் பிரிவுக்குக் கொண்டுவாருங்கள். உங்களுக்குரிய அளவை அதனைக் கொண்டு குறித்துத் தருகிறோம்.